நிலப்படத்தில் பெய்த மழை

2021ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள், சனிக்கிழமை. முந்தைய நாள் தொடங்கிய மழை கிள்ளான் பள்ளத்தாக்கில் விட்டபாடில்லை. வடகிழக்குப் பருவமழை என்றதும் கிளந்தான், திரெங்கானு, பகாங் ஆகிய கிழக்குக் கரை மாநிலங்கள்தாம் மலேசியர்களின் நினைவுக்கு வரும். அந்த ஆண்டோ, தாழ்வழுத்த மண்டலம் ஒன்று தீபகற்பத்தைக் கடந்து மேற்குக் கரைக்கு மழையைக் கொண்டுவந்தது. ஒரு மாதத்தில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டித் தீர்த்ததாக அரசு அதிகாரிகள் பின்னர் விளக்கினர். ஷா ஆலாம் நகரின் 25ஆம் பிரிவில், கிள்ளான் ஆற்றை ஒட்டியுள்ள தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கீழ்த்தளம் நீரில் மூழ்கியது. மக்கள் மாடிகளிலும் கூரைகளிலும் படகுக்காகக் காத்திருந்தனர். நாடு முழுவதும் அந்த வெள்ளத்தில் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். இழப்பின் மதிப்பு ஏறத்தாழ 6.1 பில்லியன் ரிங்கிட் எனப் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது.

இத்தகைய மழை நாளில் வீட்டுக்கு வீடு திறன்பேசியில் ஒரு நிலப்படம் திறந்திருக்கும். சாலைகளும் ஆறுகளும் வரைந்த படத்தின்மேல் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் மழை நகர்ந்து செல்லும். “நேரலை” என்ற சொல் ஒரு மூலையில் இருக்கும். அதைப் பார்ப்பவர், இந்த நொடியில் வானத்தில் நடப்பதையே தாம் பார்ப்பதாக நம்புவார். ஆனால் அது முழு உண்மை அன்று. அந்த நிறங்களுக்கு வயது உண்டு. சில நேரம் ஐந்து நிமிடம்; சில நேரம் ஐந்து மணி நேரம். அந்த வயதை அறியாமல் படத்தை நம்புவதில் இருக்கும் இடர் சிறியதன்று. அதைப் புரிந்துகொள்ள, உலாவியில் ஒரு நிலப்படம் எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இணைய நிலப்படம் பார்வைக்கு ஒரே படமாகத் தோன்றினாலும் உண்மையில் அது சிறு சிறு சதுரப் படங்களை ஒட்டியது. தரையில் பதிக்கும் ஓடுகளைப் போல அவை பக்கம் பக்கமாக அடுக்கப்படுவதால் ஆங்கிலத்தில் ‘டைல்’ என்றே பெயர் பெற்றன. தமிழில் படத்துண்டு எனலாம். ஒரு துண்டு பெரும்பாலும் 256 புள்ளி அகலமும் 256 புள்ளி உயரமும் கொண்டது. கூகள் நிறுவனம் 2005ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் தன் நிலப்படச் சேவையைத் தொடங்கியபோது இந்த முறை உலகெங்கும் பரவியது. அதற்கு முன்பு பல இணைய நிலப்படங்களில் சற்றுக் கிழக்கே நகர வேண்டும் என்றால் ஓர் அம்புக்குறியை அழுத்திவிட்டு, பக்கம் முழுவதும் மீண்டும் வரும்வரை காத்திருக்க வேண்டும். துண்டுகள் வந்த பிறகு, விரலால் இழுத்தால் புதிதாகத் தேவைப்படும் ஓரத்துத் துண்டுகள் மட்டும் வந்து சேர்ந்தன.

துண்டுகளின் கணக்கு எளிது. மிகவும் விலகி நின்று பார்க்கும் சுழி நிலையில் உலகம் முழுவதும் ஒரே துண்டுக்குள் அடங்கும். ஒரு படி நெருங்கினால் அது நான்காகப் பிரியும். இன்னொரு படியில் பதினாறு. இப்படியே 18ஆம் நிலைக்குப் போனால் 68 பில்லியனுக்கும் அதிகமான துண்டுகள்! ஒவ்வொன்றுக்கும் நிலை எண், நிரல் எண், வரிசை எண் என்று மூன்று எண்களால் ஆன முகவரி உண்டு. வீட்டு எண், தெரு, ஊர் என்று கடிதத்தில் எழுதுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கு இந்தக் கணக்கில் எங்கே வருகிறது? 10ஆம் நிலையில் ஒரு துண்டு இந்நாட்டில் ஏறத்தாழ 39 கிலோமீட்டர் அகலமான நிலத்தைக் காட்டும். அந்த நிலையில் பிரிக்பீல்ட்ஸ் 801ஆம் நிரல், 503ஆம் வரிசையில் உள்ள துண்டில் அமைகிறது. கிள்ளான் நகரமும் தாமான் ஸ்ரீ மூடாவும் அதற்கு இடப்புறம், 800ஆம் நிரலில் உள்ள துண்டில் அமைகின்றன. இரண்டு துண்டுகளும் சந்திக்கும் கோடு ஏறத்தாழ சுபாங் ஜெயாவுக்கும் பெட்டாலிங் ஜெயாவுக்கும் இடையே ஓடுகிறது. பத்துமலையும், 1958இல் கட்டி முடிக்கப்பட்ட கிள்ளான் கேட்ஸ் அணையும் மேலே 502ஆம் வரிசைக்குப் போய்விடுகின்றன. மாநில எல்லையோ நகராண்மைக் கழக எல்லையோ இந்தக் கோடுகளுக்குத் தெரியாது. ஆற்றையும் அவை கேட்பதில்லை. கிள்ளான் ஆறு மேல் துண்டிலிருந்து இறங்கி, கோலாலம்பூரின் நடுவே கோம்பாக் ஆற்றோடு கலந்து, பிரிக்பீல்ட்ஸ் ஓரமாகச் சென்று, மேற்கே அடுத்த துண்டுக்குள் புகுந்து கடலைத் தேடிப் போகிறது.

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயருக்கும் வெள்ளத்துக்கும் பழைய உறவு உண்டு என்பதை இங்கே சொல்லாமல் போக முடியாது. 1881ஆம் ஆண்டில் கோலாலம்பூர் முதலில் தீயாலும் பிறகு வெள்ளத்தாலும் அழிந்தது. மரமும் அத்தாப்பும் கொண்டு எழுந்த ஊர் அது. இனிச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என அப்போதைய பிரிட்டிஷ் அதிகாரி பிராங்க் சுவெட்டன்ஹாம் வலியுறுத்தினார். அதற்காகச் செங்கற்சூளைகள் எழுந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். இன்று அங்கே துன் சம்பந்தன் சாலையில் பூக்கடைகளும் உணவகங்களும் நிறைந்திருக்கின்றன.

மீண்டும் படத்துண்டுக்கு வரலாம். மழையைக் காட்டும் படம் இரண்டு அடுக்குகளால் ஆனது. கீழே இருப்பது சாலை, ஆறு, ஊர்ப்பெயர் கொண்ட அடிப்படம். மேலே இருப்பது மழை அடுக்கு. அது கண்ணாடித்தாள் போன்றது. மழை உள்ள இடத்தில் நிறம் இருக்கும். மழை இல்லாத இடத்தில் ஒன்றும் இருக்காது. கீழே உள்ள சாலை தெளிவாகத் தெரியும். இரண்டு அடுக்கும் ஒரே வகைத் துண்டுகளால் ஆனவை என்றாலும் அவற்றின் இயல்பு வேறு. துன் சம்பந்தன் சாலை நேற்று இருந்த இடத்தில்தான் இன்றும் இருக்கிறது. மழை அப்படியா இருக்கிறது?

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. உலாவி ஒருமுறை பெற்ற படத்தைத் தன்னிடம் சேமித்து வைத்துக்கொள்ளும். அதே முகவரியை மீண்டும் கேட்டால், இணையத்துக்குப் போகாமல் கையில் இருக்கும் படியையே எடுத்துக் கொடுக்கும். இது நல்ல பழக்கம். இணையத் தரவு மிச்சமாகிறது; பக்கம் விரைவாகத் திறக்கிறது; படங்களைத் தரும் வழங்கிக்கும் சுமை குறைகிறது. தன்னார்வலர்களால் உருவாகும் ‘ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்’ நிலப்படத் திட்டம், தன் துண்டுகளைக் குறைந்தது ஏழு நாளாவது சேமித்து வைக்கும்படி பயன்படுத்துவோரைக் கேட்டுக்கொள்கிறது. சாலைக்கு ஏழு நாள் பழைமை ஒரு குறையில்லை. ஆனால் அதே பழக்கம் மழை அடுக்குக்குப் பொருந்தாது. மழைத் துண்டின் முகவரி எப்போதும் ஒன்றாகவே இருந்தால், மதியம் மூன்று மணிக்குக் கேட்டாலும் உலாவி மதியம் ஒரு மணிக்கு வாங்கிய படத்தையே காட்டக்கூடும். அது பொய் சொல்லவில்லை. கேட்ட முகவரிக்கு உரிய படத்தைக் கொடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

இதற்கு நிரலாளர்கள் கண்ட வழி நேரத்தையும் முகவரியில் சேர்ப்பது. மூன்று எண்களோடு, படம் எந்த நேரத்துக்கு உரியது என்ற குறியும் முகவரியில் வரும். ஒரு மணிப் படத்துக்கு ஒரு முகவரி, ஒன்று பத்துக்கு இன்னொரு முகவரி. புதிய முகவரியை உலாவி முன்பு பார்த்ததில்லை. எனவே வழங்கியிடம் போய்க் கேட்டே ஆக வேண்டும். பழைய துண்டுகளும் வீணாவதில்லை. அவற்றை வரிசையாக ஓடவிட்டால் கடந்த இரண்டு மணி நேரத்தில் மழை எந்தத் திசையில் நகர்ந்தது என்று பார்க்கலாம். ஒரு நிலைத்த படத்தைவிட இந்த ஓட்டமே மக்களுக்குப் பெரிதும் பயன்படும். மேகம் கிள்ளானிலிருந்து கோலாலம்பூரை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதுதானே வாசலில் துணி காயப்போட்டவரின் கேள்வி?

புதுப்பிக்கும்போது இன்னொரு தொல்லை. பழைய துண்டுகளை எல்லாம் நீக்கிவிட்டுப் புதியவற்றைக் கேட்டால், அவை வந்து சேரும்வரை மழை அடுக்கு வெறுமையாகிவிடும். படம் சிமிட்டும். வேகமான இணையத்தில் அது அரை நொடி. புயல் மழையில் கைப்பேசிக் கோபுரம் தடுமாறும்போது அது அரை நிமிடமும் ஆகலாம். ஆகவே கவனமான நிரலாளர் புதிய அடுக்கைக் கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் ஏற்றுவார். அதன் துண்டுகள் அனைத்தும் வந்துவிட்டன என்று உறுதியான பிறகே பழைய அடுக்கை எடுப்பார். திருமண வீட்டில் பந்தி மாற்றுவது போல: அடுத்த இலைகள் தயாராகும் முன்பே விளக்கை அணைத்துவிட முடியாது.

வெறுமை என்பது இங்கே வெறும் அழகுக் குறை மட்டுமன்று. மழை இல்லாத இடத்தில் மழை அடுக்கில் ஒன்றும் இருக்காது என்று முன்பே கண்டோம் அல்லவா? துண்டு வந்து சேராத இடத்திலும் ஒன்றும் இருக்காது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ‘மழை இல்லை’ என்ற செய்தியும் ‘செய்தியே வரவில்லை’ என்ற நிலையும் ஒரே தோற்றத்தில் வருகின்றன. நேரலை நிலப்படங்களில் இதைவிடப் பெரிய குறை இல்லை எனலாம்.

பேத்தி ஒருத்தி பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டிலும், பாட்டி கிள்ளானில் தனியாகவும் இருக்கும் குடும்பங்கள் எத்தனையோ. மழை வலுக்கிறது. பேத்தி படத்தைத் திறக்கிறாள். வலப்பக்கத் துண்டு வந்துவிட்டது. கோலாலம்பூர் முழுவதும் மஞ்சளும் சிவப்பும். இடப்பக்கத் துண்டு வரவில்லை. கிள்ளான் பக்கம் பளிச்சென்று தெரிகிறது. உடனே அழைக்கிறாள்.

“பாட்டி, உங்க பக்கம் மழையே இல்லை போல. படத்தில சுத்தமா இருக்கு.”

“என்னம்மா சொல்றே? இங்க ரெண்டு மணி நேரமா ஊத்துது. வாசல் லோங்காங்கில தண்ணி மேல் விளிம்பைத் தொட்டிருச்சு.”

பாட்டியின் கண்முன் இருப்பது வீட்டு வாசல் கால்வாய். பேத்தியின் கண்முன் இருப்பது வராமல் போன ஒரு சதுரம். பாட்டி தொலைபேசியை எடுத்ததால் உண்மை தெரிந்தது. எடுக்காமல் இருந்திருந்தால், கிள்ளானில் வெயில் என்ற எண்ணத்தோடு பேத்தி வேறு வேலையைப் பார்க்கப் போயிருப்பாள். இரண்டு துண்டுகளும் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் நடுவே பிரிவதால் இப்படி நேர்வதற்கு வாய்ப்பு உண்டு. கூர்ந்து பார்த்தால், மழை நிறம் மேலிருந்து கீழாகக் கத்தியால் வெட்டியதுபோல் நேர்கோட்டில் நிற்பது தெரியும். இயற்கையில் எந்த மழையும் அப்படி நிற்பதில்லை.

துண்டு வராத இடத்தில் மெல்லிய சாம்பல் நிறமோ சாய்ந்த கோடுகளோ காட்டும்படி நிரல் எழுதுவது கடினமான வேலை அன்று. ‘இங்கே தகவல் இல்லை’ என்று படம் சொல்லிவிட்டால் போதும். நல்ல வானிலைப் பக்கங்கள் சில, வானிலைக் கருவி எட்டாத பகுதிகளையும் இப்படித்தான் நிழலிட்டுக் காட்டுகின்றன. ஆனால் அழகாகத் தெரிய வேண்டும் என்ற ஆசையில் பல பக்கங்கள் இதை விட்டுவிடுகின்றன.

மறைந்திருக்கும் பக்கமும் ஒரு பொறி. காலையில் மழைப் படத்தைத் திறந்துவிட்டு, அதை மூடாமல் புலனத்துக்கும் காணொளிக்கும் மாறிச் செல்வது பலரின் வழக்கம். கண்ணுக்குத் தெரியாத பக்கத்தின் கடிகாரத்தை உலாவி மெதுவாக்கிவிடும். மின்கலத்தின் ஆற்றலை மிச்சப்படுத்தவே இந்த ஏற்பாடு. கைப்பேசியில் அந்தப் பக்கம் முழுமையாகவே உறங்கிவிடுவதும் உண்டு. மாலையில் திரும்பி வரும்போது முதலில் தெரிவது காலைப் படம். பக்கம் மீண்டும் கண்ணுக்குத் தெரிந்தவுடன் அதை அறிந்து புதிய துண்டுகளைக் கேட்கும் வசதி உலாவிகளில் இருக்கிறது. நிரலாளர் அதைப் பயன்படுத்தினால்தான் பலன்.

படத்தின் மூலையில் எழுதியிருக்கும் நேரத்தைப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடுமே என்று தோன்றலாம். அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வானிலைத் தகவல்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் குறிக்கப்படுகின்றன. மலேசிய நேரம் அதைவிட எட்டு மணி நேரம் முன்னே செல்கிறது. படத்தில் 06:00 என்று இருந்தால் அது இங்கே காலை ஆறு மணி அன்று, பிற்பகல் இரண்டு மணி. இதை அறியாதவர் புதிய படத்தைப் பழையது என்று ஒதுக்கிவிடுவார். ‘7 நிமிடத்துக்கு முன்’ என்று எழுதினால் யாருக்கும் குழப்பமில்லை.

அப்படியானால் நொடிக்கு ஒருமுறை புதுப்பித்தால் என்ன? பயனில்லை. ரேடார் கருவி வானொலி அலைகளை அனுப்பி, மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டு மழையை அளக்கிறது. அதன் தட்டு ஒருமுறை சுழன்று, சற்று நிமிர்ந்து, மீண்டும் சுழன்று வானத்தைப் பல உயரங்களில் துழாவி முடிக்கச் சில நிமிடம் ஆகும். பிறகு பல கருவிகளின் தகவலை ஒன்றாக்கி, நிறம் தீட்டி, துண்டுகளாக வெட்ட வேண்டும். ஆகவே புத்தம் புதிய படமும் பிறக்கும்போதே சில நிமிட வயதோடுதான் பிறக்கிறது. இடையில் நூறு முறை கேட்டாலும் அதே படம்தான் வரும். அதுமட்டுமன்று, மழை கொட்டும் நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் நொடிக்கொரு முறை கேட்டால் வழங்கி திணறும். அப்போது மிகவும் தேவைப்படுபவருக்கும் படம் கிடைக்காமல் போகும். பொறுமையின்றிப் புதுப்பிப்பானை அழுத்துவோர் இதை அறிவதில்லை.

எவ்வளவு புதிய படமாக இருந்தாலும் மழை அடுக்கு காட்டுவது வானத்தில் உள்ள நீரை மட்டுமே. வெள்ளம் தரையில் நடப்பது. தாமான் ஸ்ரீ மூடாவில் இருப்பவர் தம் வீடு உள்ள இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, நிறம் ஏதும் இல்லை என்று ஆறுதல் அடையலாம். ஆனால் அவருடைய திரைக்கு வெளியே, வலப்பக்கத் துண்டிலும் அதற்கு மேலுள்ள துண்டிலும் பெய்த மழை ஆற்றின் வழியாக அவரை நோக்கி வந்துகொண்டிருக்கும். அது வந்து சேரச் சில மணி நேரம் பிடிக்கும். ஆகவே கீழ்க்கரையில் வாழ்பவர் படத்தைச் சிறிதாக்கி, ஆற்றின் தலைப்பக்கத்தைப் பார்ப்பதே முறை. இரண்டு மணி நேரத்துக்கு முந்தைய மேல்கரைப் படம் அவருக்குப் பழைய செய்தி ஆகாது.

இதற்காகவே வடிகால் நீர்ப்பாசனத் துறையின் வெள்ளத் தகவல் பக்கம் ஆற்றின் நீர்மட்டத்தைத் தனியே காட்டுகிறது. ஆற்றங்கரை நிலையங்கள் நீரின் உயரத்தை அளந்து அனுப்புகின்றன. அவை வழக்கம், விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என நான்கு நிலைகளாகப் பிரிக்கப்படுகின்றன. இங்கும் அதே கேள்வி எழுகிறது: ஒரு நிலையம் ‘வழக்கம்’ என்று காட்டினால், அந்த அளவு எத்தனை மணிக்கு எடுத்தது? வெள்ளத்தில் மின்சாரம் அறுந்து நிலையம் ஊமையாகிவிட்டால், கடைசியாக அனுப்பிய எண்ணே திரையில் நிற்கக்கூடும். எண்ணுக்குப் பக்கத்தில் அளந்த நேரத்தையும் வாசிக்கத் தெரிந்தவர் அதில் ஏமாற மாட்டார்.

கிள்ளான் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. கடல் ஏற்றத்தின்போது ஆற்றுநீர் கடலுக்குள் எளிதாக இறங்காது. மேலிருந்து வரும் வெள்ளமும் கீழிருந்து ஏறும் கடலும் சந்திக்கும் நேரமே தாழ்வான குடியிருப்புகளுக்குக் கடினமான நேரம். கிள்ளான் துறைமுகத்தில் கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்ற அட்டவணை நிலவின், சூரியனின் போக்கைக் கொண்டு முன்கூட்டியே கணிக்கப்பட்டு ஆண்டு முழுமைக்கும் வெளியிடப்படுகிறது. ஒரு தாளில் அச்சிட்டுச் சுவரில் மாட்டிவைக்கலாம். அதற்கு இணையமும் வேண்டாம், புதுப்பித்தலும் வேண்டாம்.